ரெப்ளிகா காருக்குப் பெரிய எஞ்சின்: எதுவரை லாபம்?

1962-ல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் செய்துவந்த ஏஸ் என்ற சின்ன இரண்டு இருக்கைக் காரை எடுத்துக்கொண்டார். அதில் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் உட்காரும் இடத்தில் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 எஞ்சினை, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர் கொண்டதை, வைத்தார். கோப்ரா பிறந்த கதை இதுதான். கொஞ்ச நாளில் எஞ்சின் 4.7 லிட்டர் ஆனது, 1965-ல் 7 லிட்டர் ஆனது. இன்று உலகமெங்கும் ஓடும் கோப்ரா ரெப்ளிகாக்களில், அதாவது பழைய காரைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல்களில், பெரும்பாலானவை நகலெடுப்பது இந்த 1965 வடிவத்தைத்தான்.

முதல் இரண்டு எஞ்சின்களும் மெல்லிய சுவர் வார்ப்பில் செய்த, எடை குறைந்த வி8 எஞ்சின்கள். பழைய சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) அவற்றை எப்படியோ தாங்கிக்கொண்டது. 7 லிட்டர் வந்தபோது அது முடியவில்லை. சேஸிஸின் முக்கியக் குழாய்களை 3 அங்குல விட்டத்திலிருந்து 4 அங்குலமாக்கினார்கள். குறுக்கே கிடந்த இலை ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். அகலமான சக்கரங்களை மூட மட்கார்டும் புடைத்தது. ஒரு மெல்லிய குழாயின் முறுக்குத் தாங்கும் விறைப்பு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். சுவர் கனம் அதேதான் என்றால், 3 அங்குலம் 4 ஆகும்போது விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகும். எஞ்சினை மாற்றுவதாக ஆரம்பித்து, கிட்டத்தட்ட வேறொரு காரையே செய்து முடித்தார்கள்.

ரெப்ளிகா வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும். வண்டி லேசானது, எஞ்சின் அறையில் இடமும் இருக்கிற மாதிரி தெரிகிறது, இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டால் என்ன? நியாயமான ஆசைதான். பதில் சொல்ல, எஞ்சினை விட்டுவிட்டு முதலில் பின் டயரைப் பார்க்க வேண்டும். காரை முன்னே தள்ளும் விசை முழுவதும் உள்ளங்கை அளவுள்ள இரண்டு ரப்பர் திட்டுகள் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 1,000 கிலோ, அதில் பாதி பின் சக்கரங்களின் மேல். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.3 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில். டயருக்கும் காய்ந்த சாலைக்கும் உராய்வுக் கெழு 0.9 என்று வைத்துக்கொள்வோம். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாயும், பின் டயர்களின் பிடிப்பு அதனால் கொஞ்சம் கூடும். அதையும் சேர்த்துப் பார்த்தால், டயர் வழுக்காமல் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசை ஏறத்தாழ 5,400 நியூட்டன். அதற்குரிய முடுக்கம் புவியீர்ப்பில் 0.55 மடங்கு. எந்த எஞ்சினைப் போட்டாலும் இந்த எண் மாறாது.

திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 5,400 நியூட்டனைக் கொடுக்க, சக்கரத்தில் 75 கிலோவாட், அதாவது சுமார் 100 குதிரைத்திறன் போதும். அந்த வேகத்தில் அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு குதிரையும் டயரைப் புகைக்கத்தான் பயன்படும். 100 கி.மீ. வேகத்தில் அதே வேலைக்கு 200 குதிரைத்திறன் தேவை. அப்படியானால் 0-விலிருந்து 100 கி.மீ. எட்ட எவ்வளவு நேரம்? கியர் மாற்றும் நேரத்தையும் காற்றுத் தடையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சக்கரத்தில் 100 குதிரைத்திறன் உள்ள காருக்கு 6.4 நொடி. 200 இருந்தால் 5.2 நொடி. 400 இருந்தால்? அதே 5.2 நொடிதான்.

இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிவே இங்கேதான் இருக்கிறது. முதல் நூறு குதிரைகளைக் கூட்டியபோது ஒரு நொடிக்கும் மேல் கிடைத்தது. அடுத்த இருநூறைக் கூட்டியபோது 100 கி.மீ. வரை ஒன்றும் கிடைக்கவில்லை. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகிற சுமார் 15 சதவீதத்தைச் சேர்த்துப் பார்த்தால், எஞ்சின் கணக்கில் இந்த எல்லை 235 குதிரைத்திறன் அருகே வரும். உங்கள் கார் 700 கிலோ என்றால் எல்லை இன்னும் கீழே இறங்கும். நல்ல ஒட்டுத் தன்மையுள்ள டயர் போட்டால் மேலே ஏறும். மழை பெய்தால் சடாரென்று விழும்.

சரி, 100 கி.மீ.க்கு மேலே பெரிய எஞ்சின் தன் பலத்தைக் காட்டுமே? காட்டும். ஆனால் அங்கே காற்று குறுக்கே வந்து நிற்கிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், திறனை இரண்டு மடங்காக்கினாலும் உச்ச வேகம் 26 சதவீதம்தான் கூடும். திறந்த மேற்கூரையும் செங்குத்தான கண்ணாடியும் கொண்ட இந்த வகைக் கார்கள் காற்றைக் கிழிப்பதில் கெட்டிக்காரர்கள் இல்லை.

பெரிய எஞ்சினின் உண்மையான சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒரு லிட்டருக்கு 85 முதல் 100 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை, கொடுக்கும். 1.6 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்குப் போனால் டார்க் ஏறத்தாழ மூன்று மடங்கு. மூன்றாம் கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது காலை லேசாக அழுத்தினாலே வண்டி எழுந்து ஓடும், கியரைக் குறைக்க வேண்டியதில்லை. அந்தச் சாவகாசமும் வி8-ன் தாழ்ந்த உறுமலும் வேண்டும் என்பதற்காக எஞ்சினை மாற்றுகிறவரை நான் தடுக்கவே மாட்டேன். நொடிக்கணக்கு ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்பவரிடம்தான் டயரைக் காட்டுவேன்.

அடுத்தது எடை. இதற்கு பிரிட்டனின் எம்ஜி நிறுவனமே ஒரு நல்ல சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 1.8 லிட்டர் எம்ஜிபி காரில் 1967-ல் 2.9 லிட்டர் இரும்பு ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டு எம்ஜிசி என்று விற்றார்கள். மூக்கில் 95 கிலோ அளவுக்குக் கூடிவிட்டது. வளைவில் திரும்ப மறுக்கிறது என்ற புகார் உடனே எழுந்தது, 1969-லேயே அதன் கதை முடிந்தது. 1973-ல் எம்ஜிபியின் மூடிய கூரை வடிவமான எம்ஜிபி ஜிடியில் ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8-ஐ வைத்தார்கள். எஞ்சின் கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, எடையோ பழைய நாலு சிலிண்டர் இரும்பு எஞ்சினுக்கு ஒட்டியே இருந்தது. கார் அழகாகத் திரும்பியது. ஆக, லிட்டரைப் பார்த்து எடையை ஊகிக்கக் கூடாது. எந்த உலோகம், எந்த அமைப்பு என்று பார்க்க வேண்டும்.

வெளி அளவுக்கும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8-ல் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் நடுவில் ஒன்றே ஒன்று, தண்டுகள் வழியாக வால்வைத் தள்ளும். அதனால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் சிறியது. ஃபோர்டின் 4.6 லிட்டர் மாடுலர் வி8-ல் கேம்கள் ஹெட்டின் மேலேயே இருக்கின்றன, அதனால் 5.7 லிட்டர் எல்எஸ்ஸைவிடக் கொள்ளளவில் சிறியதாக இருந்தும் அகலத்தில் பெரியது. ரெப்ளிகாவின் குறுகலான அறையில் ஸ்டியரிங் தண்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்த அகலம்தான்.

எஞ்சினை எவ்வளவு பின்னால் தள்ளி வைக்க முடியும் என்பதும் முக்கியம். 230 கிலோ எஞ்சின், 230 செ.மீ. அச்சு இடைவெளி என்றால், 10 செ.மீ. பின்னே நகர்த்தியதும் 10 கிலோ முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 10 செ.மீ. ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்திலிருந்து வர வேண்டும், அங்கே ஏற்கெனவே மூன்று பெடல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

எஞ்சின் பின்னால் இருக்கும் ரெப்ளிகாக்களில் சிக்கல் தலைகீழாக வரும். போர்ஷே ஸ்பீட்ஸ்டரின் நகல்கள் பல, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தளத்தின் மேல் கட்டப்பட்டவை. அந்த 1,600 சிசி காற்றால் குளிரும் எஞ்சின் 50 குதிரைத்திறன் அளவில் நின்றுவிடும். அதை எடுத்துவிட்டு 150-ஐத் தாண்டும் 2.5 லிட்டர் சுபாரு எஞ்சினைப் போடுகிறவர்கள் உண்டு. இது தண்ணீரால் குளிர்வது, எனவே முன்பக்கம் ரேடியேட்டர் வேண்டும், அங்கிருந்து வண்டியின் நீளத்துக்கும் குழாய் ஓட வேண்டும். கூடும் எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். பழைய பீட்டிலின் ஸ்விங் ஆக்சிலாக (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும் அரை அச்சாக) இருந்தால், வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டதும் வெளிப்பக்கப் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 50 குதிரைத்திறனில் பெரிதாகத் தெரியாத குணம், மூன்று மடங்கு திறனில் ஆபத்தாகிவிடும்.

கியர்பாக்ஸ், கிளட்ச், ஆக்சில் எல்லாம் ஒரே சங்கிலி. டயர் வழுக்கிவிடுவதே ஒரு ஃபியூஸ் மாதிரி மற்ற பாகங்களைக் காப்பாற்றும். மேலே சொன்ன காரில் 30 செ.மீ. ஆரமுள்ள டயர் என்றால், பின் ஆக்சில்கள் இரண்டுக்கும் சேர்த்துச் சீராகப் போகக்கூடிய முறுக்கு 1,600 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். டயர் அதற்கு மேல் விடாது. பிறகு ஆசைப்பட்டு ஒட்டும் டயர் வாங்கிப் போடுவார்கள், அப்போது உடையும் இடம் டயரிலிருந்து ஆக்சிலுக்கும் கியர் பற்களுக்கும் நகரும். கிளட்சைச் சட்டென்று விடும்போது வரும் அதிர்ச்சிச் சுமை இந்தக் கணக்குக்கும் மேலே போகும்.

வெப்பத்தைப் பலர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். சீரான வேகத்தில் போகும்போது தேவைப்படும் திறன் எஞ்சின் அளவைப் பொறுத்ததில்லை, அதனால் நெடுஞ்சாலையில் பெரிய எஞ்சின் அப்படியொன்றும் அதிகமாகச் சூடாகாது. தொந்தரவு போக்குவரத்து நெரிசலில்தான். நின்ற இடத்தில் சுற்றும்போது எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் முழுவதும் தன் உராய்வை வெல்லவே போகிறது, கடைசியில் எல்லாம் வெப்பம்தான். கொள்ளளவு கூடினால் அதுவும் கூடும். ரேடியேட்டர் வழியாகக் காற்று ஓடாது, ஃபைபர்கிளாஸ் பாடி வெப்பத்தைக் கடத்தாது, முன்பக்கத் திறப்பும் பழைய வடிவத்தின் அளவிலேயே இருந்தாக வேண்டும். அங்கே பெரிய ரேடியேட்டரை நம்புவதைவிட, பெரிய மின்விசிறியும் சூடான காற்று வெளியேற ஒரு வழியும்தான் வண்டியைக் காப்பாற்றும்.

பிரேக்கில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது என்பது என் கருத்து. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். முன்பு 100 கி.மீ. எட்டிய அதே சாலைத் துண்டில் புதிய எஞ்சினோடு 140 எட்டினால், நிறுத்தும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தலா 5 கிலோ எடையுள்ள இரண்டு முன் டிஸ்க்குகள் 70 சதவீத வேலையைச் செய்கின்றன என்றால், 100-லிருந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவை 60 டிகிரி அளவுக்குச் சூடேறும், 140-லிருந்து என்றால் 115 டிகிரி. மலைப்பாதையில் அடுத்தடுத்து நாலு முறை மிதித்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். பிரேக் பேடுக்கும் திரவத்துக்கும் தாங்கும் எல்லை உண்டு.

என் கணிப்பில், கோப்ரா ரெப்ளிகாவில் வி8 இருப்பது அதன் இயல்பு. லேசான அலுமினிய எஞ்சின் கிடைத்து, சேஸிஸ் செய்தவர் அந்த எஞ்சினுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால் தயங்க வேண்டாம். லோட்டஸ் செவன் வகை நகல்களில் நிலைமை வேறு. அங்கே 500, 600 கிலோ எடையே வண்டியின் உயிர். 60 கிலோ கூடினால் பிரேக்கும் வளைவும் சேர்ந்தே கெடும். அதற்குப் பதில் இருக்கும் எஞ்சினின் கேமையும் ஹெட்டையும் மேம்படுத்தி, பின் ஆக்சிலில் உள்ள கடைசிக் கியர் விகிதத்தைக் கொஞ்சம் குட்டையாக்கினால் கிடைக்கும் சுறுசுறுப்பு, பலருக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகவே இருக்கும்.

பழைய எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக எடை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில். டைனோவில் ஏற்றிச் சக்கரத்தில் இப்போது எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்றும் பாருங்கள். இந்த ஐந்து எண்களோடு அச்சு இடைவெளியையும் வைத்துக்கொண்டு மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால், உங்கள் காரின் டயர் எல்லை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். பதிவிலும் காப்பீட்டிலும் எஞ்சின் மாற்றத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும், அதைப் பணம் கொடுத்து எஞ்சின் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.