அதிகாரப் பிரிவினையா, அதிகார வேறாக்கமா?

சட்டம் இயற்றுவது, அதைச் செயல்படுத்துவது, அதன்படி வழக்குத் தீர்ப்பது ஆகிய மூன்று பணிகளும் ஒரே கைக்குள் போய்விடாமல் வெவ்வேறு அமைப்புகளிடம் இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'அதிகாரப் பிரிவினை' என்று எழுதுகிறோம். 'அதிகாரப் பிரிப்பு' என்று எழுதுவோரும் உண்டு. இலங்கைத் தமிழர்களோ 'வலுவேறாக்கம்' என்கிறார்கள். இந்த மூன்றில் வேறாக்கம் என்ற பகுதிதான் கோட்பாட்டின் பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது என்பது என் துணிபு. அதற்கான சான்று நூலகத்தில் கிடைப்பதற்கு முன்பே செட்டிநாட்டு வீடுகளில் எனக்குக் கிடைத்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட, சட்டங்களின் உட்பொருளை ஆராயும் பெருநூலில், இங்கிலாந்தின் அரசியலமைப்பைப் பற்றிய இயலில் இக்கருத்தை விரித்துரைத்தார். நீதி வழங்கும் அதிகாரம் மற்ற இரண்டு அதிகாரங்களிலிருந்து வேறாக்கப்படாவிட்டால் அங்கே சுதந்திரம் இராது என்பது அவர் வாதத்தின் மையம். 1789 ஆகஸ்ட் மாதம் பிரான்சில் வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 16ஆம் கூறு இன்னும் ஒரு படி மேலே போய், உரிமைகளுக்கு உறுதிப்பாடும் அதிகாரங்களுக்கிடையே இத்தகைய வரையறையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே இல்லை என்று அறிவித்தது. அந்தக் கூற்றில் வரும் பிரெஞ்சுச் சொல் 'செபராசியோன்'. அதன் இலத்தீன் வேரான 'செபராரே' என்பதில் இரண்டு உறுப்புகள் உள்ளன: 'செ' என்றால் தனியே, 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். எனவே வேர்ப்பொருள் வெட்டுவதோ துண்டாக்குவதோ அன்று. தனியாக ஏற்பாடு செய்து வைப்பது.

இனி நம் 'பிரிவினை'யைப் பார்ப்போம். தமிழர் காதில் இச்சொல் விழுந்தவுடன் எழும் முதல் நினைவு பாகப்பிரிவினை. அடுத்தது 1947இல் நாடு இரண்டான பிரிவினை. இரண்டிலும் ஒன்றாக இருந்தது துண்டுபடுகிறது, எல்லைக் கல் நடப்படுகிறது, அதற்குப் பிறகு ஒருவர் கணக்கை மற்றவர் கேட்பதற்கு இடமில்லை. இந்தப் படிமத்தோடு பாடம் படிக்கும் மாணவர், அமைச்சர்கள் சட்டமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், இந்தியாவில் அதிகாரப் பிரிவினையே கிடையாது என்று எழுதிவிடுகிறார். தவறு மாணவருடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் அவரை அப்படி அழைத்துச் சென்றது.

செட்டிநாட்டில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணமாகிச் சிறிது காலம் சென்றதும், பெற்றோரே நல்ல நாள் பார்த்து, அந்தப் புதுக் குடும்பத்துக்கு அதே வீட்டில் தனி அடுப்பும் தனி அறையும் ஒதுக்கிக் கொடுப்பார்கள். வளவு எனப்படும் நடு முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளின் சாவிகள் தனித்தனிப் புள்ளிகளுடையவை (திருமணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி). பின்கட்டில் அடுப்புகளும் தனித்தனி. ஆனால் முகப்பு ஒன்று, வளவு ஒன்று, முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் ஒன்று. மழைக்காலத்தில் வளவின் ஓடு ஒழுகினால் அது எல்லாப் புள்ளிகளுக்கும் உரிய செலவு. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் அப்பத்தாவிடம், "மகன்களைப் பிரிச்சு விட்டுட்டீங்களா?" என்று கேட்டபோது, அவர் முகம் சுருங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "பிரிச்சா விட்டோம்? வேறு வச்சிருக்கோம்" என்று திருத்தினார்கள். இரண்டு வினைகளுக்கும் இடையே இருந்த தூரம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வேறு வைத்த குடும்பத்துக்கு ஆண்டுதோறும் பெற்றோர் அரிசி முதலானவற்றைத் தருவார்கள். எங்கள் வீட்டில் அதன் அளவு முன்பே பேசி முடிவானது. அந்த ஆண்டு மருமகள் மேல் மாமியாருக்கு வருத்தம் என்பதற்காக ஒரு படியும் குறையாது. நீதிபதிகளின் ஊதியத்தை நம் அரசியலமைப்பு வைத்திருக்கும் முறையைப் படித்தபோது எனக்கு இந்த அரிசிதான் நினைவுக்கு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் இந்தியத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாற்றப்பட்ட செலவு. உயர் நீதிமன்ற நீதிபதிகளுடையது மாநிலத் தொகுப்பு நிதியின் மீது. அவையில் அதைப் பற்றிப் பேசலாம், ஆனால் வாக்கெடுப்புக்கு விட முடியாது. பணம் பொதுக் கருவூலத்திலிருந்தே வருகிறது. எனினும் தருபவர் கோபத்துக்கு அது கட்டுப்பட்டதன்று. 121, 211ஆம் கூறுகள் நீதிபதிகளின் பணி நடத்தையைப் பற்றி அவைகளில் விவாதிப்பதைத் தடுக்கின்றன (நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் வரும்போது மட்டும் விலக்கு). 122, 212ஆம் கூறுகள் அவை நடைமுறையில் பிழை என்று கூறி அவை நடவடிக்கைகளை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதைத் தடுக்கின்றன. ஒருவர் அடுப்பில் மற்றவர் கரண்டி வைக்கக் கூடாது என்பதை இரு பக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்: வீட்டில் வேறு வைப்பவர் தகப்பனார்; அரசியலமைப்பில் மூன்று துறைகளுள் எதுவும் மற்றவற்றுக்குத் தகப்பன் அன்று.

முழுத் துண்டிப்பை வேண்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே. டி. ஷா, மூன்று துறைகளையும் முற்றாகத் தனிமைப்படுத்தும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற 75ஆம் கூறின் ஏற்பாட்டோடு அத்தகைய துண்டிப்பு ஒத்துப்போகாது. பஞ்சாப் அரசு பாடநூல் வெளியீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டதை எதிர்த்த ராம் ஜவாயா கபூர் வழக்கில், 1955இல், உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை நம் அரசியலமைப்பு முழு இறுக்கத்தோடு ஏற்கவில்லை என்றும், ஆயினும் துறைகளின் பணிகள் போதிய அளவு வேறுபடுத்தப்பட்டுள்ளன என்றும் கூறியது. இது வேறு வைத்தலின் இலக்கணமே. அமெரிக்காவில் பதவியிலிருக்கும் அமைச்சர் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுச் சட்டமியற்றும் பேரவையின் உறுப்பினராக இருக்க முடியாது. அந்த அளவுக்கு அங்கே சுவர் உயரம். அங்கும் நீதிபதிகளை நியமிக்க அப்பேரவையின் மேலவையான செனட்டின் இசைவு வேண்டும், சட்ட முன்வடிவைத் தடுக்கும் உரிமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது.

இக்கோட்பாடு நம் ஊர் வரை வந்ததற்கு அடையாளம் பெயர்ப் பலகைகளில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வரி தண்டும் மாவட்ட ஆட்சியரே மாவட்டத்தின் குற்றவியல் நடுவராகவும் இருந்தார். நீதித்துறையை ஆட்சித்துறையிலிருந்து வேறாக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 50ஆம் கூறு பணித்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடுவர்களை இரு வகையாக்கியது. காரைக்குடி நீதிமன்றப் பலகையில் 'நீதித்துறை நடுவர்' என்று இருப்பதும், வட்டாட்சியர் 'நிர்வாகத்துறை நடுவர்' என்று கையெழுத்திடுவதும் அதனால்தான். 'நடுவர்' என்பது இருவருக்கும் பொது; முன்னால் நிற்கும் அடைமொழிதான் யார் உயர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர், யார் அரசுக்குக் கட்டுப்பட்டவர் என்பதைச் சொல்கிறது.

'அதிகாரப் பகிர்வு', 'அதிகாரப் பரவலாக்கம்' ஆகியவற்றை இக்கோட்பாட்டுக்குப் பயன்படுத்துவது பிழை. முன்னது ஒன்றியமும் மாநிலங்களும் ஏழாவது அட்டவணையின் மூன்று பட்டியல்களின்படி பங்கிட்டுக்கொள்வது. பின்னது ஊராட்சி, நகராட்சிகளுக்கு அதிகாரம் இறங்குவது.

'வலுவேறாக்கம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வலு என்பது தமிழ்நாட்டு வழக்கில் உடல் வலிமையையும் உறுதியையும் குறிக்கிறது. சட்டத்தால் வரும் உரிமைக்கு இங்கே வேரூன்றிய சொல் அதிகாரம். வடமொழியிலிருந்து வந்ததாயினும், எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என இலக்கண நூலின் பகுதிகளுக்கே பெயராகும் அளவுக்கு அது தமிழில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. ஆகவே 'அதிகார வேறாக்கம்' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். வினையாகவும் அது எளிதில் வளைந்து கொடுக்கும். 'இந்தியாவில் அதிகாரங்கள் பிரிக்கப்படவில்லை' என்று விடைத்தாளில் எழுதும் மாணவர், 'இந்தியாவில் அதிகாரங்கள் வேறாக்கப்பட்டுள்ளன. அமைச்சர்கள் அவையில் அமர்ந்து அதற்குப் பதில் சொல்கிறார்கள்' என்று தயக்கமின்றி எழுதலாம்.