சயனோடைப் – நீலப்படி

இரும்பு உப்புகளைப் பூசி உலர்த்திய தாளின்மேல் ஒரு பொருளை வைத்து, வெயிலில் காட்டி, பின் நீரில் அலசினால், நீலப் பரப்பின் நடுவே அப்பொருளின் வடிவம் வெள்ளையாக நிற்கும். இம்முறைக்கும் இதனால் கிடைக்கும் அச்சுக்கும் சயனோடைப் என்று பெயர். 1842இல் இதைக் கண்டறிந்த ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷலே இப்பெயரையும் வைத்தார். கிரேக்க மொழியில் ‘கியானோஸ்’ என்பது அடர்நீலம். ‘டிப்போஸ்’ என்பது அடித்தோ அழுத்தியோ பதித்த தடம்.

அச்சகங்களில் இன்று ‘சயான்’ எனப்படுவது வெளிர்ந்த பசுநீல மை. சயனோடைப்பின் நிறம் அதுவன்று; பிரஷ்ய நீலம் என்னும் ஆழ்ந்த நிறம். சயனைடு என்ற பெயரும் அந்த நீலத்தின் வழியே வந்ததுதான்.

அம்மோனிய இரும்பு சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த கரைசலைப் பூசியதும் தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்ட இடங்களில் இரும்பு வேதிமாற்றமடைந்து பிரஷ்ய நீலமாகித் தாளின் இழைகளில் படிகிறது. பொருள் மறைத்த இடங்களில் மாறாத உப்பு நீரோடு போய்விடுகிறது. தாளோடு ஒட்டியிருந்த விளிம்பு கூர்மையாகவும், சற்றே தூக்கி நின்ற விளிம்பு மங்கலாகவும் விழும்.

தாவரவியலில் தோய்ந்த அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பிரிட்டனின் கடற்பாசிகளை இவ்வாறு பதிந்து நூலாக்கினார். அன்றாடப் பொருள்களுக்கு வந்தால், என் மனத்தை விட்டு அகலாதவை கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் டாம்பாவில் உருவாக்கியவை. ஒலிநாடாப் பேழைகளை உடைத்து, உள்ளிருந்த நாடாவை உருவி, பெரிய தாள்களின்மேல் பரப்பி அவர் ஒளியில் காட்டினார். ஒளி ஊடுருவாத நாடா வெள்ளைச் சுருள்கோடாகப் பின்னிக் கிடக்க, ஒளியைப் பாதி விட்ட நெகிழிப் பேழை இளநீலமாகத் தெரிகிறது. பாடல் பதிந்திருந்த பொருளே இன்னொரு பதிவாகிவிடும் இப்படைப்புகளில், சொல்லின் இரண்டாம் பாதியான ‘தடம்’ முழுப் பொருளும் பெறுகிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘நீலப்படம்’ வழக்கில் வேறு பொருள் கொண்டுவிட்டதால் ஆகாது. ‘நிழற்படம்’ மிகப் பொருத்தமாய்த் தோன்றினாலும், எல்லா ஒளிப்படங்களுக்கும் அது வழங்குகிறது. ‘நீல அச்சு’ தவறில்லை. ஆனால் கட்டட வரைபடத்துக்கான புளூபிரிண்டும் அதே சொல்லில் அடங்கிவிடும். அதுவும் இதே வேதிமுறையில் பிறந்ததுதான் என்றாலும், இன்று அதற்குத் திட்டம் என்ற பொருளே முந்தி நிற்கிறது. ‘நீலப்படி’ என்பதே என் தேர்வு. கைப்படி, அச்சுப்படி என்று நாம் வழங்கும் ‘படி’ பிரதியைக் குறிப்பதோடு, படிதல் என்ற வினையையும் நினைவூட்டுகிறது. தாளில் நடப்பதும் அதுவே. ‘நீலப்படி எடுத்தல்’, ‘நீலப்படித் தாள்’, ‘மார்க்லேயின் ஒலிநாடா நீலப்படிகள்’ என்று தொடர்களிலும் இது இயல்பாக அமர்கிறது.