தாத்தாவின் கடிதத்தை விற்பதற்கு முன்

பினாங்கில் பழைய தபால்தலை, கடிதம், ரசீது வாங்கி விற்பது என் தொழில். வீட்டைக் காலி செய்யும்போது அகப்பட்ட தகரப் பெட்டியோடு வருகிறவர்கள், "ஸ்டாம்புக்கு எவ்வளவு தருவீங்க அண்ணே?" என்றுதான் கேட்பார்கள். உள்ளே இருக்கும் கடிதத்தைப் பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள்.

அண்மையில் வந்த ஒன்று, நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்துத் தாத்தா இங்கே வேலை பார்த்த மகனுக்கு எழுதியது. பேரனைப் படிக்க ஊரில் விட்டிருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் பல குடும்பங்கள் அப்படிச் செய்தன. மழை, நெல் விலை எல்லாம் எழுதிவிட்டு நடுவில் சொல்கிறார்: பையன் பள்ளிக்குப் போகாமல் குளத்துக்குப் போனான், தூணில் கட்டி வைத்து அடித்தேன், இரவு சோறு போடவில்லை, இப்போது ஒழுங்காக இருக்கிறான். அடுத்த வரியில் மருமகளுக்குப் புளி கொடுத்தனுப்பிய தகவல்.

சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். கணக்கும் ரசீதும் கிடைக்கும். வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லும் தமிழ்க் கடிதம் அரிது. ஆனால் 'அந்தக் காலத்து வளர்ப்பு!' என்று பெருமையாகப் போட்டு விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்று மலேசியாவில் ஒரு பிள்ளையை இப்படிக் கொடுமைப்படுத்தினால், 2001 குழந்தைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தாத்தாவைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ரோத்தானுக்கு, அதாவது பிரம்படிக்கு, அவரை விளம்பரமாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

விலை இருப்பதால் போலியும் வருகிறது. தேதியை முதலில் பாருங்கள். 'விஜய வருடம்' என்றால் 1953-54ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு முந்தைய 1893-94ஆகவும் இருக்கலாம். தபால்தலையும் அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரையும்தான் தீர்மானிக்கும். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் இந்தியாவோடு சாதாரணத் தபால் அறுந்திருந்தது, ஆகவே 1943இல் தஞ்சாவூரிலிருந்து வந்த கடிதம் என்றால் நம்பாதீர்கள். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை போன்ற சுழி வைத்த பழைய வடிவில் எழுதப்பட்டன. (பெரியார் பற்றாளர் வீட்டுக் கடிதம் என்றால் புது வடிவம் முன்னாலேயே இருக்கும்.) இன்னொன்று: பினாங்கு வீடுகளில் தங்கியது ஊரிலிருந்து வந்த கடிதங்கள்தான். இங்கிருந்து போனவை அங்கே இருக்கும்.

சரி, கடிதம் அசல்தான். அந்தப் பையன் யார்? கடிதம் எழுதிய 1953இல் பத்து வயது என்றால் இன்று எண்பதைத் தாண்டியவர். கடிதம் கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "எங்க பெரியப்பா. பட்டர்வொர்த்துல இருக்காரு." அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். பெரியப்பா படித்துவிட்டுச் சொன்னாராம்: குளத்துக்குப் போனது உண்மை, பள்ளிச் சம்பளம் கட்டவில்லை என்று வாத்தியார் வெளியே நிறுத்தியதால் போனேன். சம்பளம் கட்ட வேண்டியவர் தாத்தா. அடித்தவர் கை எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீட்டின் கதையை எவ்வளவு தப்பாக எழுதியிருப்போம்! பெரியப்பா சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கடிதத்தோடு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இப்போது அதன் மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

விற்றாலும் வாங்குபவருக்குப் போவது காகிதம் மட்டுமே. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். இதை எழுத்தில் சொல்லிக் கொடுங்கள். தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். விற்க மனமில்லை என்றால் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் கடிதங்களையும் வாங்கி வைக்கிறது. யார் பார்க்கலாம், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்பதை ஒப்படைக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.