புழுவைச் சட்டை உரிக்க விடாத வேப்பங்கொட்டை

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களிடம் புரோடீனியா புழுவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழுக்கள் இலையின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்ட, இலை பட்டம் விடுகிற தாள் மாதிரி ஆகிவிடும். இதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துவிட்டு, மறுநாள் காலையில் வயலில் குனிந்து பார்த்து, "புழு உசுரோடதானே இருக்கு" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. இருக்கத்தான் செய்யும். பெரும்பாலான பூச்சி மருந்துகளைப் போல வேம்பு நரம்பைத் தாக்கி உடனே சாய்ப்பதில்லை.

1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் மொட்டையடித்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பியதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். காரணமான அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் 1968இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

அது செய்வது இரண்டு வேலை. புழுவின் வாயருகே ருசி பார்க்கும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் பட்டதும் 'இது ஆகாது' என்ற சேதி மூளைக்குப் போகிறது, தின்பது குறைகிறது. அதையும் மீறித் தின்றால் அடுத்த சிக்கல். புழு வளர வேண்டுமானால் பழைய தோலை உரித்தாக வேண்டும். அதற்கு எக்டைசோன் என்ற ஹார்மோன் சரியான நேரத்தில் சுரக்க வேண்டும். அசாடிராக்டின் அந்தச் சுரப்பைக் குலைத்துவிடுகிறது. பாதி உரிந்த தோலுக்குள்ளேயே சிக்கிப் புழு சாகிறது. இதற்குச் சில நாள் பிடிக்கும். அடிக்கடி தோலுரிக்கும் சின்னப் புழுவில்தான் இது நன்றாகப் பலிக்கும். பருத்துப்போன புழுவிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்து சதக் கரைசல் என்றால் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி 100 லிட்டராக்குவது. கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலையில் ஒட்டாமல் உருண்டோடிவிடும். இலையை அரைப்பதைவிடக் கொட்டைதான் மேல். சத்து அதில்தான் அதிகம்.

வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் சாயங்காலம் அடிப்பதே சரி. வளர்ந்த புரோடீனியா புழு பகலில் மண்ணில் பதுங்கி ராத்திரி மேய வருவதால் அதுவும் தோதுதான்.

எல்லாச் செடிச்சாறும் இப்படிச் சாது இல்லை. புகையிலைச் சாற்றின் நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே நம் நரம்பையும் தாக்கும். தோல் வழியாகவும் உடம்புக்குள் ஏறும். அதைக் கையால் பிழிவது எனக்குச் சம்மதமில்லை.

கத்தரியில் காய்த்துளைப்பான் விஷயத்திலும் வேம்புக்கு ஒரு எல்லை உண்டு. முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் புழு காய்க்குள்ளோ குருத்துக்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் மேலே எதை அடித்தாலும் அதற்கு எட்டாது. வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளி அழிப்பதுதான் வழி.