ஃப்ரீசருக்குள் போன குருமா

சென்ற ஆண்டு என் தோழிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு ஷிப்ட் வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்டால் ஆமாம் என்று வாயைத் திறக்கிற ஆளில்லை அவள். அதனால் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று சமைத்து, பன்னிரண்டு டப்பாக்களை அவள் வீட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. “வத்தக்குழம்பு அமிர்தம்டி. பருப்பும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த உருளைக்கிழங்கு குருமா இருக்கே... கிழங்கைக் கடிச்சா ஈர ஸ்பாஞ்சு. குருமா ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம்.”

அதே அடுப்பு, அதே கை, அதே ஃப்ரீசர். வத்தக்குழம்பு பிழைத்தது, குருமா சீரழிந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, நிறைய ஆர்வமாகவும் இருந்தது. தேடிப் படித்ததில், குற்றவாளி உருளைக்கிழங்கும் இல்லை, மசாலாவும் இல்லை, தண்ணீர்.

நாம் சமைக்கும் குழம்பு, கூட்டு, காய் எல்லாவற்றிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும். வாய்வரை நிரப்பிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் மறந்துபோனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் உணவுக்குள் நடக்கும் சேதத்துக்கு இந்தப் பருமன் மட்டும் காரணமில்லை; பனிப்படிகம் எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பதும் சேர்ந்துதான். மெதுவாகக் குளிர்ந்தால் சில இடங்களில் மட்டும் படிகம் தோன்றும். அந்தச் சில படிகங்களே அக்கம்பக்கத்துத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு ஊசி ஊசியாக வளர்ந்து, காயின் செல் சுவர்களைக் கிழிக்கும். வேகமாகக் குளிர்ந்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் படிகம் பிறக்கும். பங்கு போடுகிறவர்கள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் பொடியாகவே நின்றுவிடும். தண்ணீரில் பெரும்பகுதி உறைவது சுமாராக மைனஸ் 1 டிகிரி முதல் மைனஸ் 5 டிகிரி வரைக்குள். அந்தக் குறுகிய இடைவெளியைச் சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ, அந்த அளவுக்கு அது தப்பிக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்கிற அமெரிக்கர். 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்தவர். அங்கே வாழும் இனூயிட் மக்கள் கடுங்குளிரில் மீனைப் பிடித்து வெளியே போட்ட மாத்திரத்தில் அது விறைத்துவிடும். மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே இருக்கும். குளிர் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டது அப்போதுதான். ஊர் திரும்பி, உணவைத் தட்டையான பொட்டலமாக்கி, உறைகுளிரில் இருக்கும் உலோகப் பரப்புகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கடைகளில் அவருடைய பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன.

‘தட்டையான’ என்ற சொல்லில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை, அந்த 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிப் பனிக்கட்டியாக மாற்றுவதற்கு மட்டுமே எடுக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதில் நான் குருமாவை எதில் வைத்தேன்? உயரமான உருண்டை டப்பாவில். நடுவில் இருக்கிற கிழங்கின் சூடு வெளியே வர அத்தனை தூரம் கடக்க வேண்டும். தடிமனைப் பாதியாக்கினால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே போகும். ஜிப் வைத்த கவரில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் படுக்க வைத்தால், அதே ஃப்ரீசர் எவ்வளவோ வேகமாக வேலை செய்யும். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம், இடமும் மிச்சம்.

சரி, தட்டையாக வைத்திருந்தால் கிழங்கு பிழைத்திருக்குமா? ஓரளவுக்குத்தான். கிழங்கின் சிக்கல் இன்னும் ஆழமானது. வெந்த உருளைக்கிழங்கு என்பது மாச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதி நிற்கும் ஒரு கூழ். உறையும்போது தண்ணீர் அந்தக் கூழைவிட்டுப் பிரிந்து பனிக்கட்டியாகப் போய்விடும். தண்ணீர் போன இடத்தில் மாச்சத்து இழைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொள்ளும். பனி உருகித் தண்ணீர் திரும்பி வரும்போது உள்ளே இடம் இருக்காது. அதனால் கசியும். தோழி கடித்த ஈர ஸ்பாஞ்சு இதுதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் இதையே ஓர் உத்தியாக வைத்திருக்கிறார்கள். பெரு, பொலிவியா மேட்டுநிலங்களில் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, பகலில் இளகியதும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, காயவைத்து, ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் சூன்யோ. எனக்குக் குருமாவில் நேர்ந்த விபத்து அவர்களுக்குப் பஞ்சகாலத்துச் சேமிப்பு.

குருமா பிரிந்ததற்குக் காரணம் தேங்காய்ப்பால். அது தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகளின் கூட்டம். ஒவ்வொரு துளியையும் புரதம் போர்த்தியிருப்பதால்தான் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. பனிப்படிகம் அந்தப் போர்வையைக் கிழித்து, துளிகளை நெருக்கித் தள்ளும். உருகும்போது துளிகள் ஒன்றாகிவிடும். தயிர் சேர்த்த மோர்க்குழம்புக்கும் ஏறக்குறைய இதே கதிதான், அங்கே உடைவது பால்புரத வலை. உண்மையில், ஏற்கெனவே உடைந்து கரைந்துபோன சமையலுக்கு ஃப்ரீசரில் இழக்க ஒன்றுமில்லை. மசித்த பருப்பில் கிழிய வேண்டிய செல் சுவர் ஏது? வத்தக்குழம்பில் புளியும் எண்ணெயும் சுண்டிப்போய் நிற்கின்றன. தக்காளித் தொக்கும் இந்த வகைதான். ராஜ்மா, கொண்டைக்கடலை, கறிக்குழம்பு எல்லாமும் ஃப்ரீசரை நன்றாகவே தாங்கும்.

சோறு ஒரு வேடிக்கையான கேஸ். மிச்சச் சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் விறைத்து உதிரியாகிவிடும். அதைவிடக் குளிரான ஃப்ரீசரில் வைத்தால் மெத்தென்று இருக்கும்! மாச்சத்து இழைகள் பின்னிக்கொள்ளும் வேலை மிக வேகமாக நடப்பது 4 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில், அதாவது சரியாக ஃபிரிட்ஜின் குளிரில். ஃப்ரீசரில் எல்லாம் விறைத்துப்போவதால் அந்தப் பின்னல் ஏறக்குறைய நின்றுவிடும். இட்லிக்கும் இதுவே பொருந்தும். ஆறிய இட்லியைக் கவரில் போட்டு உறைய வைத்து, வேண்டும்போது இட்லிப் பானையில் ஆவி காட்டினால் போதும்.

ஆனால் சோற்றில் வேறொரு ஆபத்து உண்டு. இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கக்கூடியவை. கொதிக்கும் நீரிலும் தப்பிவிடும். வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழியாது. ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பாலானவற்றைத் தூங்க மட்டுமே வைக்கிறது. எனவே 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட நேரம்தான் கவலைக்குரியது. உணவகங்களுக்கான விதிகள், சூடான சமையலை முதல் இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறக்கச் சொல்கின்றன. பெரிய குண்டானை ‘ஆறட்டும்’ என்று ராத்திரி முழுக்க மேடையில் விட்டால் அது நடக்காது. அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றி, அடியில் ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டி வைத்துக் கிளறினால் அரைமணிக்குள் கணிசமாகச் சூடு இறங்கும். கொதிக்கக் கொதிக்க அப்படியே ஃப்ரீசரில் திணித்தால் பக்கத்து டப்பாக்கள் இளகும், அதுவும் வேண்டாம்.

உள்ளே போனபின்னும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. தட்டில் வைத்த கற்பூரம் உருகாமலே காணாமல் போவதைப் போல, பனிக்கட்டியும் நேராக ஆவியாகும். டப்பா மூடியின் உள்பக்கம் பூத்திருக்கும் வெள்ளைப் பனி உங்கள் குழம்பின் தண்ணீர்தான். அது போன இடம் காய்ந்து வெளுத்துச் சக்கையாகிவிடும். கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுவது இதற்காகத்தான். அப்புறம் இந்த ஃப்ரீசர் உண்மையிலேயே மைனஸ் 18 டிகிரிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஐஸ்கிரீமில் ஸ்பூன் சுலபமாக இறங்கினால், மாதக்கணக்குத் திட்டம் போடாமல் ஓரிரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நன்றாக உறைந்து, நிறைந்திருக்கும் ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும்.

வெளியே எடுக்கும்போது பொறுமை வேண்டும். பனிக்கட்டி, தண்ணீரைவிடச் சுமார் நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உறையும்போது வெளிப்புறம் பனியாகி, உள்ளிருக்கும் சூட்டுக்கு வழிவிடும். இளகும்போது வெளிப்புறம் தண்ணீராகி, உள்ளே போகும் சூட்டை மறிக்கும். அதனால்தான் உறைய வைப்பதைவிட இளக வைக்க அதிக நேரம் பிடிக்கிறது. மைக்ரோவேவில் இன்னொரு கூத்து: பனியில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அது மைக்ரோவேவை அதிகம் உறிஞ்சாது, தண்ணீர் நன்றாக உறிஞ்சும். முதலில் இளகிய ஓரம் மேலும் மேலும் சூடாகிக் கொதிக்கும், நடுவில் கல்லாக நிற்கும். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைப்பதே உத்தமம். தாளிப்பை அப்போது சுடச்சுடப் போட்டுக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை வாசம் ஃப்ரீசரில் நிற்பதில்லை.

இரண்டாம் முறை தோழி வீட்டுக்குப் போனது ஒன்பது தட்டைக் கவர்கள். பருப்பு மூன்று, ராஜ்மா இரண்டு, வத்தக்குழம்பு இரண்டு, தக்காளித் தொக்கு ஒன்று, கறிக்குழம்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, ‘கால் டம்ளர் தண்ணி விட்டுக் கொதிக்க வை’ என்று மார்க்கரில் எழுதியிருந்தேன். அவளுடைய சின்னப் பையன் குருமா இல்லையா என்று கேட்டானாம். அதை மட்டும் அடுத்த சனிக்கிழமை தூக்குவாளியில் ஊற்றி, ஆறுவதற்குள் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.