எனக்கு ஒன்றும் ஆகாது, டாக்டர்

தலைப்பு என் சொந்தச் சரக்கு இல்லை. இந்த வாரம் மட்டும் நான்கு பேர் என்னிடம் சொன்ன வாக்கியம் அது. நான்காவதாகச் சொன்னவருக்கு வயது 28. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார். உள்ளே கொரோனா முற்றி வென்டிலேட்டரில் இருந்தவர் அவருடைய அப்பா.

"வீட்டில் முதலில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, தம்பி?"

"அப்பாவுக்குத்தான் டாக்டர். எனக்கு அதற்கு நான்கு நாள் முன்னால் தொண்டை லேசாகக் கரகரத்தது. ஏ.சி.யில் தூங்கியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறவன். எனக்கு ஒன்றும் ஆகாது."

அவர் சொன்னது சரிதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயாளியின் குடும்பத்தாரிடம் கோபத்தைக் காட்டக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஆகவே அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

இப்படிச் சொல்லும் இளைஞர்களே, முதலில் உங்கள் பக்க நியாயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொரோனாவின் முதல் ஆண்டில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. தடுப்பூசி வருவதற்கு முந்தைய நிலவரம் அது. தொற்று ஏற்பட்டால் 25 வயதுக்காரர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு. 65 வயதில் 10,000 பேரில் 140 பேருக்கு. 85 வயதில் 1,500 பேருக்கு. உங்கள் தைரியத்துக்கு ஆதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்களிடமிருந்து கிளம்பும் வைரஸ் உங்கள் வயதையும் கூடவே எடுத்துக்கொண்டு போவதில்லை. உங்கள் அப்பாவிடம் போய்ச் சேர்ந்த நொடியில் அது 140 ஆகிவிடுகிறது. பாட்டியிடம் போனால் 1,500.

இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டும் சொல்லுக்கு வருகிறேன்: எதிர்ப்பு சக்தி. "எனக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்" என்று சொல்கிற பலருடைய மனத்தில் அது ஒரு மதில் சுவர்போல நிற்கிறது. வைரஸ் வந்து முட்டித் திரும்பிப் போய்விடுமாம். உண்மையில் அதைத் தீயணைப்புப் படையோடுதான் ஒப்பிட வேண்டும். தீப்பிடித்த செய்தி போனால்தான் வண்டி கிளம்பும். அதிலும் பெருந்தொற்று என்றால் பெரும்பாலும் புதிய கிருமி. உடலுக்கு அதை முன்பின் தெரியாது. அதற்கென்று தனியாக எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் வைரஸ் உங்கள் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். தொற்றிய பிறகு உங்களைக் காப்பாற்றுவது எதிர்ப்பு சக்தியின் வேலை. புதிய கிருமியின் தொற்றையே வரவிடாமல் தடுப்பதற்கும், அடுத்தவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கும் அதை நம்பியிருக்க முடியாது.

கொரோனாவில் இன்னொரு சிக்கல். அறிகுறி தெரிவதற்குச் சுமார் இரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். முதல் அலைகளில் அறிகுறி தொடங்கும் நாளை ஒட்டித்தான் வைரஸின் அளவு உச்சத்தில் இருந்தது. சிலருக்குக் கடைசிவரை அறிகுறியே வராது. ஆகவே "நான் நன்றாகத்தானே இருந்தேன்" என்பது எனக்கு ஒரு சாட்சியே கிடையாது. வயதானவர் காய்ச்சல் வந்தால் படுத்துவிடுவார். அவரைப் பார்க்க வருகிறவர்களும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். நீங்கள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம், நண்பர் வீடு என்று சுற்றி வருவீர்கள். நீங்கள் பெருமைப்படுகிற அந்த உடல்வலுதான் வைரஸுக்கு வண்டி வாகனம். ஒருவர் இருவருக்குக் கொடுத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை அது இரட்டித்தால், ஒரு மாத முடிவில் ஆறாவது சுற்றில் மட்டும் 64 பேர். அவர்களில் எத்தனை பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைப்பவர்களுக்காக: 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு திருமண வரவேற்பு நடந்தது. வந்திருந்தவர்கள் 55 பேர். அதிலிருந்து கிளம்பிய தொற்று, தொலைவில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம், ஒரு சிறைச்சாலை வரை போய் 177 பேரைப் பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூடத் திருமணத்துக்குப் போனவர் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் இன்னொருமுறை படியுங்கள்.

இளைஞர்களை விட்டுவிடுவேன் என்று எந்த வைரஸும் எழுதிக் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1918 இன்ஃபுளூயன்ஸா 20 முதல் 40 வயதினரைத்தான் வழக்கத்துக்கு மாறாக வாரிக்கொண்டு போனது. துடிப்பான எதிர்ப்பு சக்தி வரம்பு மீறிக் கொதித்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 2009 பன்றிக் காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் 65 வயதுக்குக் கீழே.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்று. நோய் முற்றி ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு நாங்கள் கொடுக்கும் முக்கியமான மருந்து டெக்ஸாமெத்தசோன். அது எதிர்ப்பு சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்து! எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிக்கும் மாத்திரைக்கும் பணம் கட்டுமுன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்த மருந்தால் உயிர் காக்க முடியும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. முதல் பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் பயணம் செய்தது. யாருக்கோ எழுதப்பட்ட மருந்துச்சீட்டை வைத்து, காய்ச்சல் வந்த இரண்டாம் நாளிலேயே ஸ்டீராய்டு தொடங்கிய 31 வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தோம். ஸ்டீராய்டு ஏற்றிவிட்டதில், வந்தபோது ரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. "எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது" என்றார். கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று கேட்டேன். பரிசோதித்ததே இல்லையாம். ஆரோக்கியமானவர் என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவர்களில் பலர் இந்த ரகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் எடை மூன்றும் தெரியாமல் அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகள் எவ்வளவு திடமாக இருந்தாலும் ஆபத்து கூடுதலானவர்கள் பட்டியலில்தான் வருவார்கள்.

இளம் உடல் எங்களையும் ஏமாற்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் ஃபோனில் பேசிக்கொண்டே நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திடமான உடல் குறையை ஈடுகட்டிக்கொண்டே போகும். தாங்க முடியாத கட்டம் வந்ததும் ஒரே மூச்சில் சரியும். பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இது நடக்கிறது, அதாவது "இனி சரியாகிவிட்டது" என்று நீங்கள் நினைக்கத் தொடங்கும் அதே சமயத்தில். விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால் மறுநாள் காலைவரை காத்திருக்காதீர்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு அளந்து பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ இருந்தால் கருவி என்ன காட்டினாலும் கிளம்பி வாருங்கள்.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. நேற்று நோயாளியோடு உட்கார்ந்து பேசிவிட்டு, இன்று நெகட்டிவ் முடிவை வாங்கிக்கொண்டு, நாளை பாட்டியைப் பார்க்கப் போவது ஏமாற்று வேலை. குச்சி மூக்குக்குள் போன அந்த நிமிடத்தைப் பற்றி மட்டுமே அந்தக் காகிதத்தால் பேச முடியும். தொற்றிய வைரஸ் பரிசோதனையில் தெரிகிற அளவுக்குப் பெருகச் சில நாள் பிடிக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். தொண்டை கரகரத்த முதல் மணி நேரத்திலேயே தனி அறைக்குப் போங்கள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று வீட்டாரோடு கூடத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முகக்கவசம் மூக்கையும் மூட வேண்டும். தாடைக்கு எந்தத் தொற்றும் வராது. பேசுவதற்காக அதைக் கீழே இறக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, பேசும்போதுதானே அது வேண்டும்! தடுப்பூசி உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகும் தொற்று வரலாம், பரவவும் செய்யலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னைச் சந்திக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குணமான பிறகு, காய்ச்சல் விட்ட மறுநாளே பளு தூக்கப் போகாதீர்கள். இதயத் தசையில் அழற்சி இருந்தால் அப்போதுதான் அது வினையாகும். படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தால் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

லேசாக வந்து போனவர்களுக்கும் களைப்பும் மூச்சிரைப்பும் மறதியும் மாதக்கணக்கில் நீடிப்பதைப் பார்க்கிறேன். மாடிப்படி ஏற முடியவில்லை என்று 26 வயதுப் பெண் என் முன்னால் அழுதார். அவருக்கு என்னிடம் குறுக்குவழி மருந்து எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தொற்று உறுதியானால், அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நீங்கள் சந்தித்த எல்லாரையும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். போன மாதம் 24 வயதுப் பெண் ஒருவர், முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். பதினொரு பெயர்கள், யாரை எங்கே, எவ்வளவு நேரம் பார்த்தார், அறைக்குள்ளா வெளியிலா, முகக்கவசம் இருந்ததா என்று எல்லாம் அதில் இருந்தது. பத்துப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டார். பதினொன்றாவது ஆள் திட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். அந்தப் பெயருக்கு எதிரே, "வீட்டில் அம்மா இருக்கிறார், மாலையில் மறுபடி அழைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.