ஏற்காட்டுக் குளிரிலும் வியர்ப்பது ஏன்?

மார்கழி மாதம், ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவம். பனிமூட்டம் விலகாத காலை வேளையில் ஸ்வெட்டரும் தலையில் சுற்றிய துண்டுமாகப் பெண்கள் செடிகளுக்கிடையே நிற்கிறார்கள். அவர்களில் 47 வயதுள்ள ஒருவர், இடுப்பில் கட்டியிருந்த பையைச் சட்டென்று இறக்கி வைத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி, முந்தானையால் கழுத்தை விசிறிக்கொள்கிறார். “என்னாச்சுங்க அத்தை, இந்தக் குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டுறீங்க?” என்று பக்கத்தில் நிற்கும் மருமகள் கேட்கும்போது அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மூன்று நான்கு நிமிடங்களில் எல்லாம் அடங்கி, நனைந்த ரவிக்கையோடு உடல் நடுங்கத் தொடங்க, கழற்றிய ஸ்வெட்டரை அவர் மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மலையில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

சேலம் நகரம் 38, 40 டிகிரியில் காயும் சித்திரை மாதத்தில், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் இதே பெண் உட்கார்ந்திருந்தால், அந்த நான்கு நிமிடங்களை அவரேகூடக் கவனித்திருக்க மாட்டார். பற்றவைக்கும் சுடர் அலையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யும் அறையில் எல்லாருக்கும்தான் வியர்க்கும். “வெயில் ஒத்துக்கல”, “உடம்புச் சூடு”, “பிரஷரா இருக்கும்” என்று நாட்கள் ஓடிவிடும். வெளியே வெப்பமே இல்லாத இடத்திலும் இப்படி வியர்க்கும்போதுதான் காரணம் வெயிலில் இல்லை, உள்ளே இருக்கிறது என்பது தெளிவாகிறது.

அந்தக் காரணம் சூலகத்தில் தொடங்குகிறது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு லட்சம் எஞ்சியிருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஆயிரத்துக்கும் குறைவாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் பெரும்பகுதி இந்த முட்டைகளைச் சூழ்ந்த உயிரணுக்களிலிருந்தே சுரப்பதால், முட்டைகள் தீரத் தீர அதன் வரத்தும் ஏறி இறங்கித் தடுமாறி, கடைசியில் வற்றுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால்தான் மெனோபாஸ் வந்துவிட்டதாக மருத்துவம் சொல்லும். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51ஐ ஒட்டி வருகிறது. தொல்லைகள் பலவும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுவதால், “எனக்கு இன்னும் நிற்கவில்லையே, இது அதுவாக இருக்காது” என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

சூலகத்தில் நடக்கும் மாற்றம் வியர்வையாக வெளிப்படுவதற்கு மூளை வழியாக வர வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ்தான் உடல் வெப்பத்தைக் காக்கும் இடம். அங்கே கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று வேதிப்பொருள்களைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை அவற்றை அது அடக்கி வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளைத் திசுவை இறப்புக்குப் பின் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி நவோமி ரான்ஸ், இந்த நரம்பணுக்கள் பருத்துப் போயிருப்பதை 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அடக்க ஆளில்லாமல் வளர்ந்த இந்த அணுக்கள், அருகிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு நியூரோகைனின் பி வழியாக ஓயாமல் தூண்டுதல் அனுப்புகின்றன.

அதன் விளைவை டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன் அளந்து காட்டினார். உடலின் உள்வெப்பம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் ஓர் இடைவெளி நம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேலே போனால் வியர்க்கும், கீழே போனால் நடுங்கும். இந்தத் தொல்லை இல்லாத பெண்களிடம் அந்த இடைவெளி ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் இருந்தது. தொல்லை உள்ள பெண்களிடம் அது கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. மளிகைக் கடைத் தராசில் ஒரு கடுகு விழுந்தால் முள் அசையாது, வெள்ளிக் கடைத் தராசு மூச்சுக் காற்றுக்கே ஆடும். மூளையின் வெப்பத் தராசு அப்படி நுட்பமாகிவிடும்போது, ஒரு டம்ளர் சூடான காப்பியோ, மாடிப்படி ஏறியதோ, ஒரு சிறு பதற்றமோகூட ‘உடல் கொதிக்கிறது’ என்ற தவறான முடிவுக்கு அதைத் தள்ளிவிடுகிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகிறது, வியர்வை கொட்டுகிறது. உடலில் மிகுதியான வெப்பம் உண்மையில் இல்லாததால் இத்தனையும் சேர்ந்து உள்வெப்பத்தை இயல்புக்குக் கீழே இறக்கிவிடுகின்றன. காப்பித் தோட்டத்துப் பெண் கடைசியில் நடுங்கியதற்கு இதுவே காரணம்.

மருத்துவர்கள் ஹாட் ஃப்ளஷ் என்று சொல்லும் இந்த அனலை வெயில் வியர்வையிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. வெயிலில் மெல்ல மெல்ல வியர்க்கும், நிழலுக்குப் போகும் வரை நீடிக்கும், இதுவோ ஒரே வீச்சில் வந்து, ஒன்றிலிருந்து ஐந்து நிமிடங்களில் குளிரை விட்டுவிட்டுப் போகும், நள்ளிரவிலும் எழுப்பும். நான்கில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இந்த அனலுக்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. “ஆறு மாசத்துல சரியாயிடும்” என்று யாரும் ஆறுதல் சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

இரவில் மூன்று முறை விழித்தெழும் ஒருவருக்குப் பகலில் எரிச்சலும் மறதியும் வருவதில் வியப்பில்லை. அதோடு, ஹார்மோன் ஏறி இறங்கும் இந்த ஆண்டுகளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைக் குணக்கேடாகப் பார்ப்பது மிகப் பெரிய அநீதி என்று கருதுகிறேன். மாதவிடாய் முறை தவறுவது, மூட்டுவலி, காரணமில்லாப் படபடப்பு ஆகியவையும் சேர்ந்து வரலாம். பிறப்புறுப்பு உலர்ந்து எரிவதையும், உறவின்போது வலிப்பதையும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதையும் பெரும்பாலோர் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. அனல் காலப்போக்கில் தணியலாம். உலர்வு தானாகத் தணிவதில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு அதற்கு நல்ல பலன் தருகிறது.

45 வயதைக் கடந்து இந்த அறிகுறிகள் உள்ளவருக்கு மெனோபாஸை உறுதிசெய்யப் பொதுவாக ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. இதைப் போலவே தோற்றம் தரும் பிறவற்றை ஒதுக்கத்தான் பரிசோதனை வேண்டும்: தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரத்தசோகை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்குவது, மாலைக் காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் இரவு வியர்வை தரும் காசநோய். நெஞ்சில் அழுத்தமும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வியர்த்தால் அதை மெனோபாஸ் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளையின் தாங்கும் இடைவெளி சுருங்கிவிட்டது என்று தெரிந்தால், சமாளிக்கும் வழியும் அதிலிருந்தே கிடைக்கிறது. உள்வெப்பம் சிறிதும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த அறையில் இந்த அனல் வரும் எண்ணிக்கை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையில் முற்றிலும் நிற்காவிட்டாலும் சேலத்தை விடக் குறைவாக வருவதற்கு இடமுண்டு. பட்டறையில் வேலை செய்பவர் பற்றவைப்புக்கு இடையிடையே எழுந்து காற்றோட்டத்தில் நிற்பதும், பருத்தி ஆடை அணிவதும், கனத்த ஒரே ஸ்வெட்டருக்குப் பதில் எளிதில் கழற்றக்கூடிய மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் உதவும். எந்தக் காரம், எந்தக் காப்பி, எந்த நேரம் தமக்கு அனலைக் கிளப்புகிறது என்று தினசரி காலண்டரில் குறித்து வந்தால் இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும். அந்தத் தாள்களை மருத்துவரிடம் காட்டலாம்.

இவை போதாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை. மிகுந்த பலன் தருவது ஹார்மோன் சிகிச்சை. கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். 2002இல் இந்தச் சிகிச்சையைப் பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி மார்பகப் புற்றுநோய், இதயநோய் அச்சத்தால் இடையில் நிறுத்தப்பட்ட பிறகு உலகெங்கும் மருத்துவர்கள் இதிலிருந்து பின்வாங்கினார்கள். ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே மிகுதி என்பதே இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, பக்கவாதம் ஆகியவை ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பொதுவாக இது தரப்படுவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. நியூரோகைனின் பி தூண்டுதலை மூளையிலேயே தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கருப்பையோடு சூலகங்களையும் அகற்றிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுவிடுவதால் தொல்லை கடுமையாக இருக்கும். அறுவைக்கு முன்பே இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்களுடைய உரிமை.

வெளியே தெரியாமல் நடப்பது எலும்புத் தேய்மானம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பைக் கரைக்கும் அணுக்களின் கை ஓங்குவதால், மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில் இழப்பு வேகமெடுக்கிறது. நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவைப்படும் இந்த வயதில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் தரும் கேழ்வரகைக் களியாகவோ கூழாகவோ நம் சமையலறை முன்பே வைத்திருக்கிறது. சேலத்துக்குப் பேர் வாங்கித் தந்த ஜவ்வரிசியில் மாவுச்சத்து தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. எடை தாங்கி நடப்பதும் படியேறுவதும் எலும்புக்கு வலுவூட்டும்.

12 மாதங்கள் நின்றுபோன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், அதைத் “திரும்ப வந்திருக்கு” என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது உலர்ந்த பிறப்புறுப்புத் தோலின் கசிவாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே. ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனை அளந்து, தேவைப்பட்டால் சிறு திசு எடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஏற்காட்டில் இருப்பவர்கள் கீழே இறங்கிவர வேண்டியிருந்தாலும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் பெண்கள் நலப் பிரிவுக்கு அந்த வாரமே வந்துவிட வேண்டும்.